ஒரு பக்கம் மூன்று கிளை: கொம்புக் கட்டுப்பாடு பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் மான் வேட்டை சீசன் நெருங்கும்போதெல்லாம் அங்குள்ள வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரும். இந்த முறை அவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ஆண் மானின் கொம்பில் இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்ற விதியால் யாருக்கு நன்மை? பதில்களில் பெரும்பாலானவை வெண்வால் மானைப் பற்றியவை. ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று அழகான இரண்டு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: அலுவலகத்தில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். "ஒரு பக்கம் மூணு இருந்தாதான் சுடணும்" என்கிறார்கள். எதற்கு இந்தக் கணக்கு? மான்களுக்கு உண்மையிலேயே நல்லதா?
— வாசகர், ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

விதி எண்ணுவது கிளையை. அது காப்பாற்ற நினைப்பதோ வயதை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

2002-க்கு முன்பு பென்சில்வேனியாவில் ஒரு கொம்பில் இரண்டு கிளை இருந்தாலோ, கிளையே இல்லாத குச்சிக்கொம்பு மூன்று அங்குலம் இருந்தாலோ அந்தக் கலையைச் சுடலாம். ஜூனில் பிறந்த குட்டி அடுத்த ஆண்டு நவம்பரில் ஒன்றரை வயதுக் கலையாக நிற்கும். முதல் கொம்பு அப்போதுதான் முற்றியிருக்கும். அதுவே சட்டப்படி சுடத் தகுந்த மான் ஆகிவிடும். அந்தக் காலத்தில் சுடப்பட்ட கலைகளில் ஐந்துக்கு நான்கு இந்த வயதுதான். இரண்டாவது கொம்பு முளைக்கும்வரை உயிரோடிருந்தவை மிகச் சில.

மாநில வனவிலங்கு ஆணையத்தில் அப்போது மான் பிரிவுக்குத் தலைவராக இருந்த உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கிய பிறகு 2002-ல் விதி மாறியது. பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கம் மூன்று கிளை, தீனி வளமான மேற்குப் பகுதிகளில் நான்கு. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் ஒன்றரை வயதிலேயே மூன்று கிளை வந்துவிடும் என்பதால்தான் அங்கே வரம்பை உயர்த்தினார்கள். 2011-ல் அந்த நான்கையும் "நெற்றிக்கிளையை விட்டுவிட்டு மூன்று" என்று மாற்றினார்கள். கண்ணுக்கு மேலே நிற்கும் அந்தக் குட்டைக் கிளை தூரத்திலிருந்து பல நேரம் தெரிவதில்லை.

முதல் ஆண்டு அடி விழத்தான் செய்தது. 2001-ல் 2 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த கலை வேட்டை 2002-ல் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரமாக இறங்கியது. அன்று தப்பியவை அடுத்த ஆண்டு இரண்டரை வயதில் திரும்பி வந்தன. இப்போது அங்கே சுடப்படும் கலைகளில் பாதிக்கு மேல் இரண்டரை வயதோ அதற்கு மேலோ. வயதைக் கூட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அது நிறைவேறியது.

அதற்கு மேல் சொல்லப்படும் பலன்களைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். "மூத்த கலை இல்லாவிட்டால் பிணைகள் சினைப்படுவது தள்ளிப்போகும், குட்டிகள் பிந்திப் பிறக்கும்" என்பார்கள். பென்சில்வேனியாவில் வளர்ந்த பிணைகளில் பெரும்பாலானவை பழைய விதியிலும் நவம்பர் நடுவில்தான் சினைப்பட்டன, புதிய விதியிலும் அதே நவம்பர் நடுவில்தான். ஒன்றரை வயதுக் கலை அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.

கேள்வி: கிளையை எண்ணினால் வயது தெரிந்துவிடுமா? மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல மானுக்கும் உண்டா?
— வாசகர், காங்கேயம்

கிளையை எண்ணி வயது சொல்ல முடியாது. மான் கொம்பு மாட்டுக் கொம்பைப் போல ஒரே கொம்பாக வளர்ந்துகொண்டே போவதில்லை. ஏப்ரலில் மெல்லிய மயிர்த்தோல் போர்த்து முளைத்து, ஆகஸ்ட் கடைசியில் இறுகி, குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கும். எவ்வளவு வரும் என்பது வயது, தீனி, பிறந்த மாதம், தாயின் உடல்நிலை எல்லாம் சேர்ந்த கணக்கு. ஜூலை கடைசியில் பிறந்த குட்டி முதல் கொம்பில் குச்சியாகத்தான் நிற்கும். அதே காட்டில் மே மாதம் பிறந்தது ஆறு கிளையோடு நிற்கும். மூன்றாம் ஆண்டுக்குள் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் சுருங்கிவிடும். "குச்சிக்கொம்பு என்றைக்கும் குச்சிக்கொம்புதான்" என்பது தவறு. கொம்பு முழு அளவைத் தொடுவது ஐந்தரை, ஆறரை வயதில்.

உங்கள் ஊர் வழக்கப்படி பல்லுக்கே போகலாம். மாட்டுக்கு முன்பல், "ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது" என்று சொல்கிறோம். மானுக்குக் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் வரிசையைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து மூன்றாவது பல்லைக் கவனியுங்கள். குட்டியில் அது பால்பல், மூன்று முகடு இருக்கும். ஒன்றரை வயதுக்குச் சற்றுப் பின் அது விழுந்து இரண்டு முகடுள்ள நிலைப்பல் வரும். நவம்பரில் கொண்டுவரும் தாடையில் ஆறு பல்லும் இருந்து, மூன்றாவது மட்டும் தேய்ந்த மூன்று முகட்டுப் பல்லாக இருந்தாலோ, அதன் அடியில் புதுப் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தாலோ, ஒன்றரை வயது. கறை படிந்த இரண்டு முகடு என்றால் இரண்டரையோ அதற்கு மேலோ. நான்காவது பல்லின் நாக்குப் பக்க முகட்டில் வெள்ளை எனாமலைவிடப் பழுப்பான உட்பகுதி அகலமாகத் தெரிந்தால் மூன்றரையை எட்டிவிட்டது. அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வதில் பிழை கூடிக்கொண்டே போகும். மண் கலந்த புல்லைத் தின்ற மானுக்குப் பல் சீக்கிரம் தேயும்.

கேள்வி: விதி இருப்பதால் நல்ல கொம்புள்ள இளம் கலைகள்தானே முதலில் சாகின்றன? மோசமானவை தப்பிக்கின்றன. இது தலைகீழ் இல்லையா?
— வாசகர், ஜாக்சன், மிசிசிப்பி

நீங்கள் எழுதியிருக்கும் மாநிலத்திலேயே இது நடந்தது. 1995-ல் மிசிசிப்பி, இரண்டு கொம்பிலும் சேர்த்து நான்கு கிளை என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி போட்டது. மண் வளமான டெல்டா பகுதியில் ஒன்றரை வயதுக் கலைகள் பலவற்றுக்கு நான்கு, ஆறு கிளை சாதாரணம். அவை சுடப்பட்டன. அதே வயதில் குச்சியும் கவட்டையுமாக நின்றவை பிழைத்தன. சில ஆண்டுகளில் பொது வேட்டைக் காடுகளில் இரண்டரை, மூன்றரை வயதுக் கலைகளின் கொம்பளவே குறைந்துவிட்டதை அந்த மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மரபணு கெட்டதால் வந்த குறை அல்ல இது. ஒவ்வோர் ஆண்டுப் பிறப்பிலும் மேலே இருந்ததை எடுத்துவிட்டு, கீழே இருந்ததை மூன்றாம் ஆண்டுக்கு அனுப்பியதால் வந்தது. வயலில் முந்தி விளைந்த கதிரையெல்லாம் அறுத்துவிட்டு மிச்சத்தை அளந்து பார்த்ததுபோல.

பிறகு மாநிலம் கிளை எண்ணுவதையே விட்டுவிட்டு, மண்டலத்துக்கு ஏற்ற அளவுக்கு மாறியது. டெல்டாவில் இரு கொம்புக்கும் நடுவே உள்ளகலம் 12 அங்குலம் அல்லது தாய்த்தண்டின், அதாவது கிளைகள் முளைக்கும் முதன்மைத் தண்டின், நீளம் 15 அங்குலம். மெலிந்த மண் உள்ள மண்டலத்தில் 10 அல்லது 13.

டெக்சாஸ் இதை இன்னும் கூர்மையாகச் செய்தது. 2002-ல் ஆஸ்டின், கொலராடோ, ஃபயெட், லவாக்கா, லீ, வாஷிங்டன் என்ற ஆறு கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) சோதனையாகத் தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்டிகளுக்குப் பரவியிருக்கிறது. அங்கே ஒரு கொம்பாவது கிளையில்லாமல் இருந்தால் சுடலாம். இல்லையென்றால் உள்ளகலம் 13 அங்குலம் வேண்டும். ஆறு கிளையோடு நெருக்கமான கொம்புள்ள நல்ல இளங்கலை நடுவில் தப்பிக்கிறது. குச்சிக்கொம்பில் சில வேட்டைக்குப் போகின்றன. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை எந்த மாநிலமும் எழுதியதில்லை என்பது எங்கள் கருத்து.

கோடு போடும் முன் உள்ளூர்க் கணக்கு வேண்டும். அந்த மண்ணில் ஒன்றரை வயதுக் கலைகளில் பாதிக்கு மேற்பட்டவை கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டரையைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை மேலே இருக்க வேண்டும். அண்டை மாநிலத்து எண்ணை எடுத்து ஒட்டினால் மிசிசிப்பியில் நடந்ததுதான் நடக்கும்.

கேள்வி: இந்த ஆண்டு முதல்முறையாக லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். மரத்தடியில் நிற்கும் மானின் கிளையை எப்படி எண்ணுவது? தவறிப்போனால் என்ன ஆகும்?
— வாசகர், அலன்டவுன், பென்சில்வேனியா

எண்ணுவதற்குத் துப்பாக்கி ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். அது குழல் காட்டும் இடத்தையெல்லாம் குறிபார்ப்பதாகிவிடும். கழுத்தில் 8×42 பைனாகுலர் தொங்கட்டும். விடியலிலும் அந்தியிலும் அதன் வெளிச்சம் கைகொடுக்கும்.

பென்சில்வேனியாக் கணக்கில், அடியிலிருந்து நுனிவரை ஓர் அங்குலம் இருந்தால்தான் கிளை. தாய்த்தண்டின் நுனி எவ்வளவு குட்டையானாலும் ஒரு கிளையாகச் சேரும். இதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். ஆகவே மூன்று வேண்டும் என்றால், முன்னோக்கி வளைந்து முடியும் தண்டு நுனி ஒன்று, அதன் முதுகிலிருந்து மேலே நிமிர்ந்த கிளை இன்னொன்று. மூன்றாவதாக நெற்றிக்கிளையோ இன்னொரு நிமிர்ந்த கிளையோ. மேற்குப் பகுதிகளில் நெற்றிக்கிளையைச் சேர்க்கக் கூடாது. அங்கே தண்டின் முதுகில் இரண்டு நிமிர்ந்த கிளை தெளிவாகத் தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். உங்கள் மேலாண்மைப் பகுதிக்கு எந்தக் கணக்கு என்பதை லைசென்ஸோடு வரும் விதிச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான் உங்களை நேராகப் பார்த்தால் நெற்றிக்கிளையும் அகலமும் தெரியும், முதுகுக் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். பக்கவாட்டில் நின்றால் முதுகுக் கிளைகள் தெரியும், நெற்றிக்கிளை காதுக்குப் பின்னால் போய்விடும். தலையைத் திருப்பும்வரை காத்திருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். இரு பக்கத்தையும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் முதல் பிழை. பின்னாலிருக்கும் சுள்ளியைக் கிளையாக எண்ணுவது இரண்டாவது. மான் அடி எடுத்து வைக்கும்போது கொம்பு நகரும், சுள்ளி நகராது. ஓடும் மானில் எண்ணவே எண்ணாதீர்கள். டெக்சாஸின் 13 அங்குலத்துக்கு வேறு அடையாளம் உண்டு: காதை விறைத்து நிற்கும்போது இரு காது நுனிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அவ்வளவு. கொம்பின் உட்புறம் காது நுனியைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூனியர் லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும், வாகனத்திலிருந்து வேட்டையாட அனுமதி பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும், அமெரிக்கப் படைகளில் முழுநேரப் பணியில் உள்ள அம்மாநிலத்தவருக்கும் பழைய கணக்கே போதும்: இரண்டு கிளை, அல்லது மூன்று அங்குலக் குச்சி.

தவறிப்போனால் மானைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். குடலை அகற்றி, 12 மணி நேரத்துக்குள் ஆணைய அதிகாரியிடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் அது வேறு குற்றம். இந்த விதியின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. தவறிச் சுட்ட கலையை அப்படியே விட்டுப் போகும் ஆட்கள் எங்கும் உண்டு. மேற்கு மாநிலங்களில் கோவேறு மான் என்ற வேறோர் இனத்துக்கு நான்கு கிளை விதி போட்டுப் பார்த்துப் பலரும் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கத்தரி, தக்காளி எதுவும் மிஞ்சுவதில்லை. கொம்பு விதியை எடுத்துவிட்டால் மான் குறையுமா?
— வாசகர், மன்ரோவில், பென்சில்வேனியா

குறையாது. மான் எத்தனை என்பதை நிர்ணயிப்பது பிணை. ஒரு கலை பல பிணைகளோடு சேரும். கலைகளில் பாதியை எடுத்தாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். நல்ல தீனியுள்ள இடத்தில் வளர்ந்த பிணை இரட்டைக் குட்டி போடுவதுதான் வழக்கம்.

பென்சில்வேனியாவில் எண்ணிக்கையைப் பிடித்தது வேறொரு மாற்றம். 2001-ல் கலைக்கும் பிணைக்கும் ஒரே நேரத்தில் சீசன் திறந்தார்கள். 2002-ல் கொம்பில்லா மான்கள் (பிணைகளும் குட்டிகளும்) மட்டும் மூன்றரை லட்சம் சுடப்பட்டன. கொம்பு விதியும் அதே நேரத்தில் வந்ததால், காட்டில் மான் குறைந்ததற்குப் பலர் அதன்மேல் பழி போட்டார்கள். இன்றும் போடுகிறார்கள். அது நியாயமில்லை.

குறைக்க வேண்டிய தேவையும் இருந்தது. அங்குள்ள காடுகளில் மான் புகாமல் கம்பிவேலி அடைத்த துண்டுகள் உண்டு. வேலிக்கு உள்ளே ஓக் கன்றுகள் இடுப்பளவு நிற்கும், டிரில்லியம் என்ற காட்டுச்செடி பூத்திருக்கும். வெளியே முழங்கால் உயரத்துக்கு ஒரே பெரணிக் கம்பளம். பெரணியை மான் தொடாது. ஓக் கன்று இரண்டு இலை விட்டதுமே வாய்க்குள் போய்விடும். கொம்பு விதி இந்த வேலிக்கு இருபுறமும் எந்த மாற்றமும் செய்யாது. உங்கள் தோட்டத்துக்கு எட்டடி வேலிதான் வழி. அதோடு, உங்கள் நகராட்சியில் வில் வேட்டைத் திட்டம் இருந்தால் பிணைக்கான அனுமதியை அதிகமாக்கச் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: மூத்த கலைகள் பெருகினால் நோய் பரவும் என்கிறார்களே?
— வாசகர், கொலம்பியா, மிசூரி

நாட்பட்ட மெலிவு நோயைக் கேட்கிறீர்கள். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரிந்தது. பிரியான் என்ற திரிந்த புரதத்தால் வருவது, மருந்து கிடையாது. நோய் உள்ள கூட்டங்களில் வளர்ந்த கலைகளிடம் அது பிணைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது. ஒன்றரை வயதுக் கலைகளில் பெரும்பகுதி பிறந்த இடத்தை விட்டுப் பல மைல் போய்க் குடியேறும். இளங்கலையைக் காக்கும் விதி, நோயைச் சுமக்கும் வயதையும் சேர்த்துக் காக்கிறது, புதிய இடத்துக்குச் சுமந்து போகும் வயதையும் சேர்த்துக் காக்கிறது. உங்கள் மாநிலம் 2004-ல் 29 கவுன்டிகளில் ஒரு பக்கம் நான்கு கிளை விதி கொண்டுவந்தது. நோய் தெரிந்ததும் 2012-ல் அந்தப் பகுதிக் கவுன்டிகளில் அதை நீக்கியது. சரியான முடிவு. நோய் வந்த இடத்தில் கொம்பு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நீங்கள் வேட்டையாடுபவர் என்றால்: தலையைச் சோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை கறியைத் தனியாக உறையவையுங்கள். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளில் கத்தி படாமல் எலும்பு நீக்கி எடுங்கள். மனிதருக்கு இது தொற்றியதாக உறுதியான நிகழ்வு இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. சமைத்தால் பிரியான் சாகாது.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் 300 ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மாவட்டத்தில் கொம்பு விதி இல்லை. நாங்களே ஒன்று வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், இண்டியானாபொலிஸ்

வைத்துக்கொள்ளலாம், ஆனால் 300 ஏக்கரில் கலையைக் கட்டிவைக்க முடியாது. ஒரு கலை ஓராண்டில் சுற்றும் பரப்பு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கரும் அதற்கு மேலும் இருக்கும். இணைசேரும் பருவத்தில் இன்னும் விரியும். நீங்கள் விட்ட மூன்று கிளையை வேலிக்கு அப்பால் இருப்பவர் சுடுவார். ஆகவே முதல் வேலை, சுற்றியுள்ள நிலத்தாரோடு பேசுவது. ஆயிரம் ஏக்கராவது சேர்ந்தால்தான் பலன் தெரியும்.

இரண்டாவது, விதி எழுதுவதற்கு முன் அளவெடுப்பது. சுடும் ஒவ்வொரு மானுக்கும் தேதி, குடல் நீக்கிய எடை, கீழ்த்தாடை ஒரு பக்கம், கொம்பின் கிளைகள், உள்ளகலம், தண்டு நீளம், தண்டின் அடிச்சுற்று இவற்றைக் குறியுங்கள். பிணைக்கு மடியில் பால் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். தாடையில் பெயர்ச்சீட்டைக் கம்பியால் கட்டி வையுங்கள். காகிதத்தில் எழுதிப் பையில் போட்டால் ரத்தம் ஊறி அழிந்துவிடும். மூன்று சீசன் சேர்ந்தால், உங்கள் நிலத்தில் ஒன்றரை வயதின் கொம்பு எவ்வளவு என்று கையில் இருக்கும். ஆகஸ்டில் தானியங்கிக் கேமரா வைத்தால் எத்தனை கலை, எத்தனை பிணை, எத்தனை குட்டி என்ற விகிதமும் கிடைக்கும்.

ஒன்றரை வயதுக் கலைகளின் எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் தீனிக்கு மிஞ்சிய மான் இருக்கிறது என்று பொருள். அப்போது கொம்பு விதியை ஒதுக்கிவிட்டுப் பிணையை எடுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கலையையும் விட்டு, பிணையையும் விட்டு, ஐந்தாம் ஆண்டில் மெலிந்த கூட்டத்தோடு நிற்கிறார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் மாநிலம் 2002-லிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே கலை என்ற விதியை வைத்து, கிளையை எண்ணாமலே கலைகளின் வயதைக் கூட்டியது. ஒன்றுதான் என்றால் கை தானாகப் பொறுக்கும். நாடு முழுவதும் பார்த்தாலும் 1989-ல் சுடப்பட்ட கலைகளில் 62 விழுக்காடு ஒன்றரை வயது. அண்மை ஆண்டுகளில் அது 30-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு, கொம்பு விதி இல்லாத இடங்களிலும் வேட்டைக்காரர்கள் தாங்களே இளங்கலையை விட்டதால் வந்தது.

கேள்வி: எல்க், மூஸ் இவற்றுக்கும் இதே விதியா?
— வாசகர், டென்வர்

உண்டு, இந்தப் பெரிய மான் இனங்களுக்கு அளவு வேறு. கொலராடோவில் எல்க் கலைக்குப் பல பகுதிகளில் ஒரு கொம்பில் நான்கு கிளை அல்லது ஐந்து அங்குல நெற்றிக்கிளை. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் 1987-ல் மூஸுக்குக் குச்சி அல்லது கவட்டை, இல்லையென்றால் 50 அங்குல அகலம் என்று வைத்தார்கள். டெக்சாஸ் விதியைப் போலவே இதுவும் நடுவயதைக் காக்கும் வழி.

கேள்வி: நடைபாதையில் உதிர்ந்த கொம்பு ஒன்று கிடைத்தது. ஊருக்குக் கொண்டுபோய்ப் பூஜை அறையில் வைக்க அம்மா கேட்கிறார். கொண்டுவரலாமா?
— வாசகர், பிட்ஸ்பர்க்

பென்சில்வேனியாவில் தானாக உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்துக்கொள்ளத் தடையில்லை. அடிப்பகுதியைப் பாருங்கள்: உதிர்ந்தது என்றால் சொரசொரப்பாகச் சற்றுப் புடைத்திருக்கும். மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தால் அது இறந்த மானுடையது, அதற்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

இந்தியாவுக்கு மட்டும் வேண்டாம். காட்டு விலங்கின் உறுப்புகளைப் பயணப் பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை. நம் நாட்டில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதுமலையில் உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பைப் பொறுக்கி எடுப்பதும் குற்றமே. அம்மாவிடம் கொம்பின் படத்தை அனுப்பி வையுங்கள்.